10 அங்குல சப்வூஃபருக்கு 42 லிட்டர் போர்ட் பெட்டி: கணக்கிலிருந்து ட்யூனிங் வரை

சப்வூஃபர் பெட்டி செய்ய நினைப்பவர்களில் பலர் முதலில் பலகையைத்தான் வாங்குகிறார்கள். இருக்கிற இடத்துக்குத் தோதாக அறுத்து, ஸ்பீக்கரை மாட்டி, கையில் கிடைத்த பைப்பைச் செருகிப் பாட்டுப் போட்டால், எந்தப் பாட்டு ஓடினாலும் ஒரே சுருதியில் இடிக்கிற பெட்டிதான் கிடைக்கும். அந்த ஸ்பீக்கருக்கு எத்தனை லிட்டர் காற்று வேண்டும், போர்ட் (பெட்டிக்குள் காற்று போய்வருகிற பைப்) எந்த அதிர்வெண்ணில் ஒத்திசைய வேண்டும் (இதுதான் ட்யூனிங்) என்ற இரண்டு எண்களையும் முதலில் எடுத்துவிட்டால், மிச்சமெல்லாம் சாதாரண தச்சு வேலை. எண்கள் தப்பினால் எவ்வளவு அழகாகப் பாலிஷ் போட்டாலும் அந்த இடி போகாது.

எண்களைத் தருவது ஸ்பீக்கரின் டேட்டா ஷீட். அதில் இருக்கிற தீல்-ஸ்மால் அளவுகள்தான் அடிப்படை. ஆஸ்திரேலியாவில் நெவில் தீல் 1961-ல் வெளியிட்ட ஆய்வை ரிச்சர்ட் ஸ்மால் 1970-களின் தொடக்கத்தில் விரித்தெழுதினார். இன்றைக்கு எல்லா மென்பொருளும் அந்தச் சமன்பாடுகளைத்தான் ஓட்டுகின்றன. இங்கே எடுத்துக்கொண்ட டிரைவர் (பெட்டியில் மாட்டும் ஸ்பீக்கர்) 10 அங்குலம், 4 ஓம். எஃப்எஸ் (டிரைவரின் சொந்த ஒத்திசைவு அதிர்வெண்) 28 ஹெர்ட்ஸ், க்யூடிஎஸ் (அந்த ஒத்திசைவின் மொத்தத் தணிப்பைக் காட்டும் எண்) 0.38, க்யூஇஎஸ் (அதில் மின்தணிப்பை மட்டும் காட்டுவது) 0.41, வாஸ் (கோனின் தொங்கலுக்குச் சமமான நெகிழ்வுள்ள காற்றின் அளவு) 45 லிட்டர், கோன் (அசையும் கூம்பு) பரப்பு 330 சதுர செ.மீ., எக்ஸ்மேக்ஸ் (கோன் அசையக்கூடிய எல்லை) ஒரு பக்கத்துக்கு 10 மி.மீ. உங்கள் டிரைவரின் எண்கள் வேறாக இருந்தால் கீழே உள்ள அறுப்பு அளவுகளை அப்படியே எடுக்காதீர்கள். கணக்கை மட்டும் எடுத்துக்கொண்டு மறுபடி போடுங்கள்.

மூடிய பெட்டியா, போர்ட் பெட்டியா?

எஃப்எஸ்ஸை க்யூஇஎஸ்ஸால் வகுத்துப் பாருங்கள். 50-க்குக் கீழே வந்தால் மூடிய பெட்டி, 100-ஐ நெருங்கினால் போர்ட் பெட்டி, நடுவில் விழுந்தால் இரண்டும் ஓடும். இந்த டிரைவருக்கு 28 ÷ 0.41 = 68. நடுவில்தான் நிற்கிறது.

மூடிய பெட்டிக்கான கணக்கு சின்னது. பெட்டியோடு சேர்ந்த க்யூ 0.707 வரவேண்டும் என்று வைத்துக்கொண்டால், 0.707-ஐ 0.38-ஆல் வகுத்து, இருமடி எடுத்து, 1 கழித்தால் 2.46 வரும். வாஸ் 45-ஐ அதனால் வகுத்தால் 18.3 லிட்டர். ஒலி 3 டெசிபல் இறங்கும் புள்ளி 52 ஹெர்ட்ஸ். இதில் பெரிய வசதி, தவறைப் பொறுத்துக்கொள்ளும்: 15 லிட்டரில் செய்தால் க்யூ 0.76, 22 லிட்டரில் செய்தால் 0.66. காதுக்குப் பெரிய வித்தியாசம் தெரியாது. டேட்டா ஷீட்டே இல்லாத டிரைவர் கையில் இருந்தால் யோசிக்காமல் மூடிய பெட்டிக்குப் போங்கள். எண் இல்லாமல் போர்ட் போடுவது இருட்டில் கல் எறிவதுதான்.

போர்ட் பெட்டியில் இதே டிரைவர் 42 லிட்டரில், 28 ஹெர்ட்ஸ் ட்யூனிங்கில், 28 ஹெர்ட்ஸ் வரை தட்டையாக இறங்குகிறது. 52-க்கும் 28-க்கும் நடுவே ஏறத்தாழ ஓர் ஆக்டேவ் (அதிர்வெண் இரட்டிப்பாகும் தூரம்) இருக்கிறது. அந்த ஓர் ஆக்டேவுக்கு விலை, இரண்டு மடங்குக்கு மேல் பெரிய பெட்டியும் துல்லியமான போர்ட்டும். விண்ஐஎஸ்டி போன்ற இலவச மென்பொருளில் எண்களைப் போட்டு வரைபடத்தை ஒருமுறை பார்த்துவிடுங்கள். முக்கியமாக, கோன் அசைவு வரைபடத்தை. ட்யூனிங்குக்குக் கீழே போனால் போர்ட் பெட்டியில் கோனைப் பிடித்து வைக்கக் காற்று இல்லை. 20 ஹெர்ட்ஸில் குறைந்த வாட்டிலேயே 10 மி.மீ. எல்லையைத் தாண்டிவிடும். அதனால் ஆம்பில் (ஆம்ப்ளிஃபையரில்) 23 அல்லது 24 ஹெர்ட்ஸுக்குக் கீழே உள்ளதை வெட்டுகிற சப்சானிக் ஃபில்டர் இருந்தே ஆகவேண்டும். அது இல்லாத ஆம்புக்குப் போர்ட் பெட்டி செய்யாமல் இருப்பது நல்லது.

போர்ட் நீளம்

வட்டமான பைப்புக்குச் சூத்திரம் இது. அளவுகள் செ.மீ., லிட்டர், ஹெர்ட்ஸ்:

நீளம் = 23562 × விட்டம்² ÷ (ட்யூனிங்² × பெட்டி லிட்டர்) − 0.73 × விட்டம்

10 செ.மீ. உள்விட்டத்துக்கு 71.5 − 7.3 = 64.2 செ.மீ. இதைப் பார்த்தவுடன் 'இவ்வளவு நீளமா' என்று பலர் 7.5 செ.மீ. பைப்புக்கு இறங்கிவிடுவார்கள், அதற்கு 34.8 செ.மீ. போதும். ஆனால் அதே காற்று 1.8 மடங்கு வேகத்தில் போகவேண்டியிருக்கும். போர்ட்டில் காற்றின் உச்ச வேகம் நொடிக்கு 17 மீட்டருக்குள் இருந்தால் நல்லது. அதைத் தாண்டினால் 'ஃபூஸ் ஃபூஸ்' என்று ஊதுகிற சத்தம் பேஸோடு சேர்ந்து வரும். 10 அங்குல டிரைவருக்கு 10 செ.மீ. பைப்தான் சரி. நீளத்தை எல்போ (முழங்கை போல வளைந்த இணைப்பு) போட்டுச் சமாளிக்கலாம்: பைப் முன்பலகையின் கீழ்ப்பக்கம் நுழைந்து பின்னால் போய், எல்போவில் திரும்பி மேலே ஏறும்.

ஒரு எச்சரிக்கை: பைப்பின் மேல் அச்சடித்த 110 மி.மீ. வெளிவிட்டம். உள்விட்டம் சுவரின் தடிமனைப் பொறுத்து மாறும். இங்கே சுவர் 5 மி.மீ., அதனால் உள்ளே சரியாக 10 செ.மீ. சுவர் 3 மி.மீ. உள்ள பைப்பில் உள்விட்டம் 10.4, அதற்குத் தேவையான நீளம் 64 அல்ல, கிட்டத்தட்ட 70 செ.மீ. வெர்னியர் காலிப்பரால் அளந்துவிட்டுக் கணக்குப் போடுங்கள்.

அறுப்பு அளவுகள்

42 லிட்டர் என்பது காற்றுக்கு மட்டும் மிஞ்ச வேண்டிய இடம். டிரைவரின் மேக்னட்டும் கூடையும் 2 லிட்டர் தின்னும். பைப் 5.7 லிட்டர். பக்கப் பலகைகளை உள்ளே தாங்கும் உள்தட்டு 1 லிட்டர், மூலைச் சட்டங்கள் 0.7, எல்போ வாய்களும் டெர்மினல் கோப்பையும் (ஒயர் இணைக்கும் கிண்ணம்) 0.5. ஆகக்கூடி உள்ளே 52 லிட்டர் தேவை. உள் அளவு 30 அகலம் × 46 உயரம் × 38 ஆழம் வைத்தால் 52.4 வருகிறது. கழித்தபின் 42.5. அந்த அரை லிட்டரால் ட்யூனிங் 0.2 ஹெர்ட்ஸ்கூட நகராது, விட்டுவிடலாம்.

தங்க விகிதத்தில் பக்கங்களை வைக்கவேண்டும் என்று ஒரு பேச்சு உண்டு. சப்வூஃபருக்கு அது தேவையில்லாத கவலை. 46 செ.மீ. உயரத்தில் உருவாகக்கூடிய முதல் நிலை அலை 370 ஹெர்ட்ஸுக்கு மேலே இருக்கிறது; 80 ஹெர்ட்ஸில் வெட்டப்படும் பெட்டிக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை.

18 மி.மீ. எம்டிஎஃப் (மரநாரை அழுத்திச் செய்த) பலகையில், செ.மீ. கணக்கில்:

முன்பலகை 33.6 × 49.6, 2 எண்ணம்
பின்பலகை 33.6 × 49.6, 1
பக்கங்கள் 46 × 38, 2
மேல், கீழ் 33.6 × 38, 2
உள்தட்டு 30 × 38, 1
மூலைச் சட்டம் 2 × 2, 46 நீளம், 4

8 × 4 அடி பலகையில் 4 அடி அகலம் முழுவதையும் பயன்படுத்தினால், நீளவாக்கில் 135 செ.மீ. போகும். அறுக்கும் கடையில் பெரிய மேசை ரம்பத்தில் அறுத்து வாங்குங்கள். கையால் அறுத்தால் இரண்டு பக்கங்களும் 2 மி.மீ. வித்தியாசப்பட்டாலே மூட்டு பிளந்து நிற்கும். முக்கியமாக, ஒரே அளவுள்ள பலகைகளை ரம்பத்தின் ஒரே நிறுத்தத்தில் அடுத்தடுத்து அறுக்கச் சொல்ல வேண்டும். அளவு அரை மி.மீ. தவறினாலும் எல்லாம் ஒன்றுபோலத் தவறும், பெட்டி சதுரமாகவே இருக்கும். எம்டிஎஃப் தூசியில் பிசின் கலந்திருக்கிறது. முகக்கவசம் இல்லாமல் அறுக்கவோ தேய்க்கவோ வேண்டாம்.

முன்பலகை இரண்டு அடுக்கு, 36 மி.மீ. டிரைவரின் உதறல் முழுவதையும் தாங்குவது அதுதான். இரண்டையும் முழுப் பரப்பிலும் பசை தடவி ஒட்டிக் காயவைத்தபின் துளை போட வேண்டும், தனித்தனியாக அறுத்துவிட்டு ஒட்டக் கூடாது. டிரைவர் துளையின் மையம் மேல்விளிம்பிலிருந்து 16.5 செ.மீ., போர்ட்டின் மையம் கீழ்விளிம்பிலிருந்து 7.8 செ.மீ. டிரைவர் துளைக்கு டேட்டா ஷீட் சொல்கிற விட்டத்தோடு 2 மி.மீ. கூட்டிக்கொள்ளுங்கள். ரூட்டரும் (சுழலும் பிட்டால் மரம் குடையும் மின்கருவி) வட்டம் போடும் தாங்கியும் இருந்தால் இரண்டு மூன்று சுற்றில் ஆழப்படுத்தி அறுக்கலாம். ஜிக்சா என்றால் 36 மி.மீ. தடிமனில் பிளேடு உள்ளே வளைந்துபோகும்; மேலே வட்டமாகத் தெரியும், கீழே முட்டை வடிவமாக இருக்கும். கோட்டுக்கு 2 மி.மீ. உள்ளே அறுத்து, மிச்சத்தை மர அரத்தால் சீவுவது மேல்.

உள்தட்டின் கீழ்முகம் பெட்டியின் உள்தரையிலிருந்து 13.5 செ.மீ. உயரத்தில் வரும். உயரத்தின் சரிநடுவில் வைக்கவில்லை, வேண்டுமென்றேதான். நடுவில் தாங்கினால் பக்கப் பலகைகள் இரண்டு சமத் துண்டுகளாகி ஒரே அதிர்வெண்ணில் நடுங்கும். தட்டின் முன்பாதியில் பெரிய ஜன்னல் ஒன்று, பின்பக்கம் பைப் ஏறிவர ஒரு வட்டம். அந்த வட்டத்தை 11 செ.மீ. போட்டால் மாட்டிக்கொள்வீர்கள். எல்போவின் வாய் பைப்பைவிடத் தடிமன், அது தட்டின் மட்டத்தைத் தாண்டி மேலே வரும். 12.5 செ.மீ. போட்டு, சுற்றிலும் ஃபோம் பட்டை சுற்றிவிட்டால் பைப் ஆடாது, தட்டில் மோதிச் சத்தமும் போடாது.

ஒட்டுதல்

மரத்துக்கான வெள்ளைப் பசை போதும். மூட்டின் இரண்டு முகத்திலும் தடவுங்கள், எம்டிஎஃப்பின் அறுத்த ஓரம் பசையைக் குடித்துவிடும். ஓரத்துக்கு முதலில் ஒரு மெல்லிய பூச்சு கொடுத்து, 10 நிமிடம் விட்டு, மறுபடி தடவி இணைப்பதுதான் வழி. பிழிந்து வெளியே வருகிற பசை மூட்டின் முழு நீளத்துக்கும் இடைவிடாமல் வந்தால் அங்கே காற்று போகாது. இடையில் வறண்டு தெரிகிற இடம் பின்னாளில் விசிலடிக்கப்போகிற இடம்.

4 × 45 மி.மீ. ஸ்க்ரூ, 15 செ.மீ.க்கு ஒன்று, மூலையிலிருந்து குறைந்தது 5 செ.மீ. தள்ளி. 3 மி.மீ. ட்ரில் பிட்டால் முன்துளை போடாமல் எம்டிஎஃப்பின் ஓரத்தில் ஸ்க்ரூ ஏற்றினால் பலகை அடுக்கடுக்காகப் பிரியும். கிளாம்ப் நிறைய இருந்தால் ஸ்க்ரூவே வேண்டாம். காய்ந்த பசை மூட்டு பலகையைவிட உறுதியானது.

வரிசை: கீழ்ப் பலகை, இரண்டு பக்கம், உள்தட்டு, மேல் பலகை, பிறகு பின்பலகை. பின்பலகை ஒட்டும்முன் மூலைவிட்டங்கள் இரண்டையும் அளந்து பாருங்கள், சமமாக இருந்தால் பெட்டி சதுரம். முன்பலகையை மூடுவதற்கு முன்பே எல்போவை உள்தட்டின் கீழே கொண்டுபோய் உட்கார வைத்துவிடுங்கள். மூடிவிட்டால் அது டிரைவர் துளை வழியாக வந்தாலும் தட்டின் கீழே இறங்காது. முழுப் பெட்டியும் காய 24 மணி நேரம்.

காய்ந்தபின் உள்மூட்டுகள் அனைத்திலும் சிலிகோன் இழுத்து விரலால் அழுத்துங்கள். வினிகர் வாசனை வருகிற சிலிகோன் வேண்டாம். அது காயும்போது வெளிவிடும் அமிலப் புகை மூடிய பெட்டிக்குள் தங்கி, டிரைவரின் செம்பு இழைகளைப் பச்சை பூக்க வைக்கும். வாசனையில்லாத நியூட்ரல் வகையை வாங்குங்கள். எதுவானாலும் முழுதாகக் காய்ந்தபிறகுதான் டிரைவர்.

போர்ட்டின் வெளிவாயை ரூட்டரில் 12 மி.மீ. வளைவு பிட்டால் உருட்டிவிடுங்கள். பைப்பின் உள்முனையையும் உப்புத்தாளால் மழுக்குங்கள். ஊதல் சத்தத்தில் பாதி கூரான விளிம்பில்தான் பிறக்கிறது.

உள்ளே பஞ்சு: பின்பக்கம், ஒரு பக்கச் சுவர், மேல்சுவர் ஆகிய மூன்றில் 25 மி.மீ. பாலியஸ்டர் பஞ்சை ஸ்டேப்பிள் அடியுங்கள். மூடிய பெட்டியைப் போல நிரப்பக் கூடாது. போர்ட் பெட்டியில் பஞ்சு நிறைந்தால் போர்ட்டின் வேலை செத்துப்போகும். பைப்பின் உள்வாயைச் சுற்றி 10 செ.மீ.க்கு எதுவும் தொங்கக் கூடாது.

டிரைவர் மாட்ட மர ஸ்க்ரூ வேண்டாம். நாலு தடவை கழற்றி மாட்டினால் எம்டிஎஃப்பில் புரி கழன்றுவிடும், இந்தப் பெட்டியில் கழற்றி மாட்டுவது நிச்சயம் நடக்கும். எம்5 டி-நட் (பலகையில் பதிந்து நிற்கிற நட்) பின்னாலிருந்து போட்டு, போல்ட்டாலேயே இழுத்து உட்கார வைத்து, விளிம்பில் மட்டும் எபாக்ஸி தடவுங்கள். எபாக்ஸி இல்லாவிட்டால் ஒருநாள் போல்ட்டை அழுத்தும்போது டி-நட் உள்ளே விழுந்து மேக்னட்டில் போய் ஒட்டிக்கொள்ளும். டிரைவர் விளிம்புக்கும் பலகைக்கும் நடுவே 3 மி.மீ. ஃபோம் டேப். போல்ட்டுகளை எதிரெதிராக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்குங்கள்; ஒரு பக்கம் முழுதாக இறுக்கிவிட்டு மறுபக்கம் போனால் தகடால் ஆன கூடை முறுகி, வாய்ஸ் காயில் (கோனை அசைக்கும் கம்பிச்சுருள்) உரசும்.

ஒயர் 2.5 சதுர மி.மீ. துருவம் தெரியாவிட்டால் 1.5 வோல்ட் பேட்டரியை ஒரு நொடி தொடுங்கள். கோன் வெளியே தள்ளினால் பேட்டரியின் ப்ளஸ் தொட்டதுதான் ப்ளஸ். இரட்டைக் காயில் டிரைவர் என்றால் இரண்டையும் இணைத்தே ஆகவேண்டும், ஒன்றை மட்டும் ஓட்டினால் க்யூடிஎஸ் மாறிவிடும், மேலே போட்ட கணக்கு எதுவும் பொருந்தாது.

ஆம்ப் போர்டுகளில் ஒட்டியிருக்கிற வாட் எண்ணை நம்ப வேண்டாம். பிரிட்ஜ் முறையில் (ஸ்பீக்கரின் இரு முனையையும் ஆம்பே ஓட்டும்) 24 வோல்ட் சப்ளை 4 ஓமுக்குத் தரக்கூடிய உச்சம், 24² ÷ (2 × 4) = 72 வாட். ஸ்டிக்கரில் 300 என்று இருந்தாலும் இயற்பியல் 72-க்கு மேல் விடாது. 300 வரும் என்று நம்பி வால்யூமை ஏற்றினால் அலையின் தலை வெட்டுப்படும், காயில் கருகும் வாசனை வரும்.

ட்யூனிங்

எல்போவிலிருந்து மேலே ஏறும் பைப்பைக் கணக்கைவிட 3 செ.மீ. நீளமாக வெட்டி, பசை போடாமல் செருகி வையுங்கள். நீளத்தை பைப்பின் மையக்கோட்டில், முன்பலகையின் 3.6 செ.மீ. தடிமனையும் சேர்த்து அளக்க வேண்டும். எல்போவில் வெளிவளைவை அளந்தால் சில செ.மீ. கூடுதலாகக் காட்டும்.

எளிய சோதனை: போனில் சைன் அலை தருகிற செயலியைப் போட்டு, மெதுவான வால்யூமில் 40 ஹெர்ட்ஸிலிருந்து ஒவ்வொன்றாக இறக்குங்கள். கோனில் விரல்நுனியை லேசாக வைத்திருங்கள். 34, 32, 30 என்று போகப்போக நடுக்கம் குறையும். ஓர் இடத்தில் கோன் கிட்டத்தட்ட நின்றுவிடும், ஆனால் போர்ட் வாயில் பிடித்த டிஷ்யூ துண்டு படபடவென்று அடித்துக்கொண்டிருக்கும். அதுதான் ட்யூனிங். இன்னும் கீழே போனால் கோன் மறுபடி ஆடத் தொடங்கும்.

துல்லியமாக வேண்டுமென்றால் மின்தடையை அளக்கலாம். ஆம்புக்கும் டிரைவருக்கும் நடுவே 470 ஓம், 1 வாட் ரெசிஸ்டரைத் தொடராகப் போட்டு, டிரைவரின் இரு முனையில் மல்டிமீட்டரை ஏசி வோல்ட்டில் வையுங்கள். வோல்ட் ஏறுகிற இடத்தில் மின்தடை ஏறுகிறது என்று அர்த்தம். இந்தப் பெட்டியில் 17 ஹெர்ட்ஸ் பக்கம் ஓர் உச்சி, 46 பக்கம் இன்னொன்று, நடுவே 28-ல் பள்ளம் வரவேண்டும். மலிவு மீட்டர்கள் இவ்வளவு தாழ்ந்த அதிர்வெண்ணில் வோல்ட்டைக் குறைத்துக் காட்டலாம். பள்ளம் எங்கே என்பதைக் கண்டுபிடிக்க அது இடைஞ்சல் இல்லை. கணினியில் ரூம் ஈக்யூ விசார்ட் என்ற அளவை மென்பொருள் இருந்தால் முழு வரைபடத்தையே எடுக்கலாம். பள்ளத்தின் அடி, காயிலின் டிசி தடையான 3.5 ஓமுக்குப் பக்கத்தில் இல்லாமல் 6, 7 ஓமில் நின்றால் பெட்டி எங்கோ காற்று விடுகிறது. டெர்மினல் கோப்பையின் விளிம்பு, டிரைவர் ஃபோம், போர்ட் நுழைகிற இடம், இந்த வரிசையில் தேடுங்கள். ஈரமான விரல்நுனிக்கு மெல்லிய காற்றும் தெரியும்.

3 செ.மீ. கூடுதல் பைப்போடு பள்ளம் 27.4 ஹெர்ட்ஸில் வரவேண்டும். இந்த நீளத்தில் 1 செ.மீ. வெட்டினால் ட்யூனிங் 0.2 ஹெர்ட்ஸ் மட்டுமே ஏறும், ஆகவே மி.மீ. கணக்குப் பார்த்து மெனக்கெட வேண்டாம். 26-ல் நின்றால் 10 செ.மீ. வெட்டவேண்டியிருக்கும், அவ்வளவு வெட்டும்முன் பஞ்சு பைப் வாயை மறைக்கிறதா, வாய்க்கும் மேல்சுவருக்கும் 8 செ.மீ.யாவது இருக்கிறதா என்று பாருங்கள். 30-க்கு மேல் வந்தால் பைப்பின் உள்விட்டம் நினைத்ததைவிடப் பெரிது, அல்லது பெட்டியின் நிகர அளவு குறைவு. மேலே ஏறும் துண்டை மட்டும் மாற்றினால் போதும், அது டிரைவர் துளை வழியாக வெளியே வரும். சரியானபின்தான் அந்த மூட்டுக்குப் பசை.

கிராஸோவர் (சப்வூஃபருக்குப் போகும் ஒலியின் மேல் எல்லை) 80 ஹெர்ட்ஸ், ஆக்டேவுக்கு 24 டெசிபல் சரிவு. சப்சானிக் 24 ஹெர்ட்ஸ். ஃபேஸ் சுவிட்சை (ஒலியலையைத் தலைகீழாக்குவது) இரண்டு பக்கமும் போட்டு, 80 ஹெர்ட்ஸ் சைன் அலையில் உட்காரும் இடத்தில் எது சத்தமாகக் கேட்கிறதோ அதில் விட்டுவிடுங்கள். சில நாள் ஓடியபின் ஃபோம் டேப் அமுங்கியிருக்கும். டிரைவர் போல்ட்டுகளை ஒருமுறை, கால் சுற்று இறுக்கிவிடுங்கள்.